காட்டு உள்ளியும் ஐம்பது குமிழ்களும்

ஈராண்டுகளுக்கு முன்னர், மே மாத நடுப்பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எமது வீட்டுக் கதவு தட்டப்பட்டது. பார்க் எக்ஸ்ரென்சனில் நாம் வசிக்கும் அதே கட்டிடத்தின் கீழ்மாடியில் குடியிருக்கும் இளைஞரே வெளியில் நின்றார். தென்கரைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேலை செய்பவர் அவர். இரு கைகளிலும் இரண்டு பெரிய பிளாஸ்ரிக் பைகள். பைகள் உள்ளே வருவதற்கு முன்னரே அவற்றின் மணம் உள்ளே வந்துவிட்டது.

"மாஸ்ரர், இதென்னெண்டு ஒருக்காப் பாருங்கோ. உள்ளி மாதிரி மணக்குது, இலை வேற மாதிரி இருக்குது. வறை செய்யலாமோ?"

ஊரில் இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற காரணத்தால், இங்கு எவர் கையில் எந்த இலை அகப்பட்டாலும் அது இறுதியில் என் மேசைக்கு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பயமில்லாத சங்கதிகளே வரும். ஆனால் அன்று வந்த இரண்டு பைகளும் அப்படிப்பட்டவை அல்ல.

"தம்பி, வீட்டில ஆரும் இதைச் சமைச்சுச் சாப்பிட்டவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாஸ்ரர். இப்பதான் கொண்டுவாறன். முதலாளியின்ர மேப்பிள் காட்டுக்குள்ள பாய் விரிச்ச மாதிரிக் கிடக்குது. கடைக்காரர் ஒராளிட்டயும் கேட்டனான். கட்டுக் கட்டிக் குடுத்தால் விக்கலாம் எண்டவர்."

சமையலறை மேசையில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, பைகள் இரண்டையும் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினோம். முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. முடிவில், வெண்குமிழுடன் கூடிய செடிகள் 137 ஒரு பக்கமாகவும், குமிழே இல்லாத இலைச்சோடிகள் 9 மறுபக்கமாகவும் கிடந்தன. அந்த ஒன்பதும் அன்றிரவு வறையாகியிருந்தால், அந்த வீட்டார் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்திருக்கும். நூற்று முப்பத்தேழும் மறுநாள் கடைக்குச் சென்றிருந்தால், அவர் கியூபெக் சட்டத்தின் முன் குற்றவாளியாகியிருப்பார். இரண்டையும் அவர் அறிந்திருக்கவில்லை. எம்மவருள் எத்தனை பேர் அறிந்திருப்பர் என்பதும் ஐயமே. ஆகையாலேயே இக்கட்டுரை.

இலையும் பூவும் காணாத செடி

பிரெஞ்சு மொழியில் இச்செடியை 'ஐ டே புவா' என்பர். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் 'காட்டு உள்ளி' என்றாகும். தமிழில் இதற்கு மரபான பெயர் கிடையாது. இது எமது நிலத்துச் செடி அல்லவே. எனவே காட்டு உள்ளி என்றே இங்கு வழங்குவோம். அல்லியம் ரைகொக்கம் என்பது தாவரவியற் பெயர். வெங்காயமும் உள்ளியும் லீக்சும் அடங்கிய அதே அல்லியம் இனத்தைச் சேர்ந்தது. ரைகொக்கம் என்ற சொல் மூன்று மணிகளைக் குறிக்கும். இதன் காய் மூன்று அறைகளாகப் பிரிந்து, அறைக்கொன்றாகப் பளபளப்பான கரிய விதையைத் தாங்கியிருப்பதால் இப்பெயர் வந்தது. அமெரிக்காவில் இதனை 'ராம்ப்' என அழைக்கின்றனர். சிக்காகோ நகரின் பெயரே, அந்த ஆற்றங்கரையில் மண்டிக்கிடந்த இச்செடிக்கு அங்குள்ள பழங்குடியினர் வழங்கிய பெயரிலிருந்து பிறந்தது என்பது ஆய்வாளர் கருத்து.

இச்செடியின் வாழ்க்கை முறை எமக்குச் சற்றுப் புதுமையானது. ஏப்ரலின் கடைசியில் பனி கரைந்ததும், மேப்பிள் மரங்கள் இன்னும் இலை விடாது மொட்டையாக நிற்கும் வேளையில், சூரிய ஒளி தடையின்றித் தரை வரை இறங்கும். அந்த ஒளியை நம்பி இது இலை விடுகிறது. மேலே மரங்கள் தளிர்த்துக் குடை விரிப்பதற்கு இடையில் கிடைக்கும் ஆறு, ஏழு வாரங்களே இதற்குரிய காலம். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய உணவை அந்த வாரங்களிலேயே ஆக்கிக் குமிழில் சேமித்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் நிழல் கவிந்ததும் இலைகள் மஞ்சளித்து அழிந்துவிடுகின்றன. அதன் பின்னர், ஜூன் இறுதியிலும் ஜூலையிலும், இலை ஏதுமற்ற வெறுந்தண்டு ஒன்று எழும்பி, அதன் நுனியில் வெண்மையான சிறு பூக்கள் கொத்தாக விரிகின்றன. ஒரே செடியில் இலையும் பூவும் சேர்ந்து நிற்கக் காண்பது அரிது. மே மாதத்தில் இலையைக் கண்டவர் ஜூலையில் அப்பூவைக் கண்டால், இரண்டும் ஒரு செடியே என்று ஊகிக்க மாட்டார். (எமது கரையோர மணல்வெளிகளில் வளரும் நரிவெங்காயத்துக்கும் இவ்வழக்கம் உண்டு. அதுவும் இலையில்லாக் காலத்திலேயே பூத்தண்டை நீட்டும். நரிவெங்காயத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல இருக்கிறது; அதனைப் பின்னர் கூறுவேன்.)

ஒன்பது இலைச்சோடிகள்

இனி, அந்த ஒன்பதும் எவை என்பதைப் பார்ப்போம்.

காட்டு உள்ளியின் ஒவ்வொரு குமிழிலிருந்தும் இரண்டு, சில வேளைகளில் மூன்று இலைகள் எழும். இலை ஒரு சாண் நீளம் வரை, மூன்று நான்கு விரற்கடை அகலத்தில், ஈட்டி வடிவாக, வழுவழுப்பாகவும் மெதுமையாகவும் இருக்கும். இலைத்தட்டு அடியில் ஒடுங்கி, ஒவ்வோர் இலைக்கும் தெளிவான காம்பு உண்டு. பெரும்பாலும் அந்தக் காம்பு செந்நிறமாகவோ ஊதா கலந்த செந்நிறமாகவோ காணப்படும். மண்ணுக்குள் சின்ன வெங்காயத்தின் வடிவில் வெண்குமிழ். இலையைக் கசக்கினால் உள்ளி மணம் மூக்கில் அடிக்கும்.

ஒன்பது இலைச்சோடிகளும் 'மியூகே' என்ற செடியினுடையவை. ஆங்கிலத்தில் 'லில்லி ஒவ் த வலி' என்பர். மே மாதத்தில் சிறு வெண்மணிகளைப் போலப் பூத்து நறுமணம் வீசும் அழகிய செடி. இதுவும் எம்மைப் போலக் கடல் கடந்து வந்ததுதான். ஐரோப்பாவிலிருந்து வந்து, வீட்டு முற்றங்களில் வளர்க்கப்பட்டு, பின்னர் வேலி தாண்டிக் காட்டோரங்களில் குடியேறியது. இதன் இலைகள் தடிப்பானவை. ஒன்றை ஒன்று உறை போலச் சுற்றிக்கொண்டு ஒரே தண்டாக எழுபவை. குமிழ் கிடையாது, மண்ணுக்குள் கிடையாக ஓடும் வேர்த்தண்டே உண்டு. கசக்கினால் உள்ளி மணம் வராது. இலை, பூ, காய் ஆகிய அனைத்திலும் இதயத்தின் துடிப்பைக் குழப்பும் நஞ்சு உள்ளது. அவிப்பதாலோ பொரிப்பதாலோ அந்நஞ்சு போவதில்லை.

மணத்தை மாத்திரம் நம்புதல் ஆபத்து என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும். பத்துக் காட்டு உள்ளியைப் பிடுங்கிய கையில் பதினோராவதாக எதைப் பிடுங்கினாலும் அதுவும் உள்ளியாகவே மணக்கும். எனது மேசையில் நடந்ததும் அதுவே. இரண்டு வகையும் ஒரே பையில் கிடந்தமையால் மியூகே இலைகளும் உள்ளி மணம் ஏறியே வந்திருந்தன. அவற்றைக் காட்டிக் கொடுத்தது அடிப்பகுதியே. குமிழ் இல்லை, செந்நிறக் காம்பும் இல்லை. பையில் இட்டுக் கொண்டுவந்து வீட்டில் பிரிப்பதற்கு மாறாக, மண்ணில் நிற்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து அறிதலே முறை.

வேறொரு செடியும் உண்டு. ஈரமான பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் அதே வசந்த காலத்தில் எழும் 'வெறாத்ர்' என்பது அது. இதன் பச்சை இலைகள் பார்வைக்கு மிகக் கொழுமையானவை. சேலைக் கொசுவத்தைப் போல நீளவாட்டில் ஆழ்ந்த மடிப்புகள் உடையவை. தடித்த நடுத்தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பவை. இதைக் காட்டு உள்ளி என எண்ணிச் சாப்பிட்டு, கடும் வாந்தியுடனும் இரத்த அழுத்தம் தாழ்ந்தும் நாடி மந்தித்தும் மருத்துவமனைக்குச் சென்றோர் இம்மாகாணத்தில் உள்ளனர். மடிப்புள்ள இலையைத் தொடாதீர்கள். காட்டு உள்ளியின் இலையில் அத்தகைய மடிப்புகள் கிடையா.

இவை எமக்கு முற்றிலும் அந்நியமான அபாயங்கள் அல்ல. மேலே குறிப்பிட்ட நரிவெங்காயத்தின் நஞ்சு மியூகேயின் நஞ்சு வகையைச் சார்ந்தது. அதுவும் இதயத்தையே தாக்கும். கார்த்திகைக் கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு இறந்தோரை இலங்கையின் மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. அக்கிழங்கில் உள்ள நஞ்சின் பெயர் கொல்சிசீன். ஐரோப்பாவிலும் காட்டு உள்ளிக்கு ஒரு சகோதரி உண்டு. சுவிசிலும் ஜேர்மனியிலும் வாழும் எமது உறவினர் 'பேர்லவுக்' என்ற பெயரில் அதனை அறிவர். அங்கு அதைப் பறிக்கச் சென்று, அதே தோற்றமுடைய இலையுதிர்காலக் குரோக்கசைப் பறித்துண்டு மாண்டவர்கள் பலர். அந்தச் செடியின் நஞ்சும் கொல்சிசீனே. எமது கார்த்திகைக் கிழங்கும் அல்ப்ஸ் மலையடிவாரத்துச் செடியும் ஒரே நஞ்சால் கொல்கின்றன.

எவரேனும் ஐயத்துக்கிடமான இலையை உண்டுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திருத்தல் கூடாது. கியூபெக் நஞ்சுத்தடுப்பு நிலையத்தின் இலவசத் தொலைபேசி 1-800-463-5060. இரவு பகல் எந்நேரமும் பதிலளிப்பர். உண்ட இலையில் மிச்சம் இருப்பின் எறியாது கையோடு கொண்டு செல்லுங்கள். மருத்துவருக்கு அது பேருதவியாக இருக்கும்.

சட்டம் ஏன் குமிழை எண்ணுகிறது?

நஞ்சு இலைகளைக் குப்பையில் இட்ட பின்னர், மற்றப் பக்கத்தில் கிடந்த 137 செடிகளைப் பார்த்து, "இது நல்ல உள்ளிதானே மாஸ்ரர், இதில என்ன பிழை?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் உயிரினங்களைக் காப்பதற்கென 1989 ஆம் ஆண்டில் கியூபெக் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் இரண்டு நிலைகளை வகுக்கிறது. மறைந்துவிடும் என்ற அச்சத்துக்குரியவை ஒரு நிலை. உடனடியாக மறையும் என்ற அச்சம் இல்லாவிடினும் தொடர்ந்து நிலைப்பது உறுதியற்றவை மற்ற நிலை. காட்டு உள்ளி 1995 இல் இரண்டாவது நிலையில் சேர்க்கப்பட்டது. அதனை விற்பது அன்று முதல் தடை செய்யப்பட்டது. பச்சையாகவோ வினாகிரியில் ஊறப்போட்டோ, எவ்வடிவிலும் விற்க முடியாது. சொந்தத் தேவைக்கு, பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களுக்கு வெளியே, ஒருவர் ஓராண்டில் 50 குமிழ்களுக்கோ 50 செடிகளுக்கோ மேல் வைத்திருக்கலாகாது. எடையாகக் கணித்தால் 200 கிராம். பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் ஒன்றுகூடப் பறிக்க முடியாது. மொன் றோயல் மலையும் மொன்றியலின் ஏனைய இயற்கைப் பூங்காக்களும் இதில் அடங்கும். தனியார் காணியெனின் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். மீறுவோருக்குத் தண்டப்பணம் உண்டு. வனவிலங்கு அதிகாரிகள் வாகனங்களை மறித்துப் பார்ப்பதும் உண்டு.

ஒரு செடிக்காக இத்தனை கெடுபிடியா என எண்ணத் தோன்றும். ஆனால் கணக்கைப் பார்த்தால் விளங்கும். விதை செப்டெம்பரில் நிலத்தில் விழுகிறது. முளைப்பதற்கு ஒரு குளிர்காலம், பெரும்பாலும் இரண்டு குளிர்காலங்கள் செல்லும். முளைத்த செடி முதலாண்டில் புல்லிதழ் போன்ற ஓர் இலையை மட்டுமே விடும். ஆண்டுக்கு ஏழு வாரமே வளர்ச்சி என்பதால், விதையிலிருந்து பூக்கும் நிலையை அடைய ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை எடுக்கும். குமிழ் பிரிந்து பெருகுவதும் மிக மெதுவாகவே நடைபெறும். ஒரு கைப்பிடி காட்டு உள்ளியில் உள்ள பெரிய குமிழ்கள், அதைப் பிடுங்குபவரின் பிள்ளை பாலர் வகுப்பில் சேர்வதற்கு முன்னர் முளைத்தவையாக இருக்கக்கூடும்.

1970களிலும் 1980களிலும் இதன் வணிகம் பெருகியது. கியூபெக் கிராமங்களில் வினாகிரியில் ஊறவைத்த காட்டு உள்ளிப் போத்தல் ஒரு மரபான பண்டம். அதுவரை அது வீட்டுத் தேவைக்கானதாகவே இருந்தது. சந்தைக்கு வந்ததும் சாக்குச் சாக்காகக் கிண்டத் தொடங்கினர். மொன்றியலிலுள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இச்செடியின் கூட்டங்களை ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்தனர். நூற்றில் மிகச் சிறு பங்கை ஆண்டுதோறும் எடுத்தாலே கூட்டம் தேயத் தொடங்கும் என்பது அவர்களது ஆய்வின் முடிவு. அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைப் பிரதேசத்தை வைத்து 2004 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பத்தாண்டுக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு எடுத்தல் மட்டுமே தாங்கத்தக்கது என்றது. இத்தனைக்கும் அம்மலைகள் இச்செடியின் வளமான தாயகம். கியூபெக் அதன் பரவலின் வடவெல்லை. அங்கு சாதாரணமானது இங்கு அரிதாவதற்கு அதுவே முதற்காரணம். இங்கு அது விரும்பும் வளமான மேப்பிள் காடுகள் சென் லோறன்ஸ் சமவெளியில், அதாவது மொன்றியலைச் சுற்றி, வயலாகவும் வீடாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறிவிட்டமை மற்றக் காரணம்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்பதையும் எம்மவர் கவனிக்க வேண்டும். ஒன்ராறியோவில் காட்டு உள்ளியின் விற்பனைக்கு இத்தகைய தடை இல்லை. வசந்த காலத்தில் சந்தைகளில் பகிரங்கமாகக் கிடைக்கும். ரொறன்ரோவில் திருமண வீட்டுக்கோ அரங்கேற்றத்துக்கோ சென்று திரும்பும்போது, மலிவாகக் கிடைக்கிறதென நூறு, இருநூறு குமிழ்களை வாங்கி வாகனத்தில் போட்டுக்கொண்டு 401 இல் கிழக்கே வந்தால், மாகாண எல்லையைக் கடந்த கணத்தில் அளவு மீறியவர் ஆகிவிடுவீர்கள். வாங்கிய பற்றுச்சீட்டு அதற்கு மன்னிப்பாகாது. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்போரும் குடியுரிமைக்குக் காத்திருப்போரும் இப்படி ஓர் அற்ப விடயத்துக்காக அதிகாரி முன் நின்று விளக்கம் கூறும் நிலைக்கு ஆளாவது தேவையற்றது.

காட்டு உள்ளியுடன் வேறு சில பூக்களையும் அறிந்து வைத்திருத்தல் நன்று. மூன்று இதழும் மூன்று இலையும் கொண்ட வெள்ளை திரில்லியம், தண்டை ஒடித்தால் செந்நீர் கசியும் சங்கினேர், தொங்கும் செம்மஞ்சள் மணியான கனடா லில்லி ஆகியவை 2005 இல் 'பறித்தலால் பாதிப்புறக்கூடியவை' எனக் கியூபெக்கில் அறிவிக்கப்பட்டன. காட்டிலிருந்து ஐந்துக்கு மேல் வேரோடு எடுத்தலும், ஒன்றையேனும் விற்றலும் கூடாது.

ஆற்றுக்கு அக்கரையில் நடந்தது

ஒரு செடியை இனங்கண்டதாலேயே அது அழிவை நோக்கிச் சென்ற கதையும் மொன்றியலுக்கு உண்டு. சென் லோறன்ஸ் ஆற்றின் தென்கரையில், இன்று கானவாகே எனப்படும் மோகாக் மக்களின் குடியிருப்பில், ஜோசப் பிரான்சுவா லஃபித்தோ என்ற இயேசு சபைக் குருவானவர் பணியாற்றினார். சீனத்தில் இருந்த சக குருவானவர் ஒருவர் அங்குள்ள ஜின்செங் செடியை வர்ணித்து எழுதிய கடிதம் அவர் கண்ணில் பட்டது. அதே போன்ற காடு இங்கும் உண்டே என எண்ணித் தேடத் தொடங்கிய அவர், 1716 இல், ஒரு வீட்டின் அருகிலேயே செந்நிறப் பழங்களோடு நின்ற செடியைக் கண்டார். அதை ஒரு மோகாக் பெண்மணியிடம் காட்டியபோது, இது தாம் வழமையாகப் பயன்படுத்தும் மருந்துதான் என்று அவர் அடையாளம் காட்டினார். வரலாற்று நூல்கள் லஃபித்தோவைக் கண்டுபிடிப்பாளர் என்கின்றன. அப்பெண்மணியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பின்னர் நடந்தது வணிகம். வேரைச் சீனர் வாங்குவர் என அறிந்ததும் குடியேறியவரும் பழங்குடியினரும் காடுகளைக் கிண்டினர். 1752 இல் வியாபாரம் உச்சத்தைத் தொட்டது. ஆசையால் பருவம் தவறிக் கிண்டி, நிழலில் மெதுவாக உலர்த்துவதற்கு மாறாக அடுப்பில் அவசரமாக உலர்த்தி அனுப்பினர். சீன வணிகர் அதை ஏற்க மறுத்தனர், சந்தை சரிந்தது. எதுவாயினும் சடுதியில் வீழ்ந்தால் 'ஜின்செங்கைப் போல விழுந்தது' என்று சொல்லும் வழக்கு பிரெஞ்சுக் கனேடியரிடையே அதனால் ஏற்பட்டது. வியாபாரம் விழுந்ததைச் சொல்கிறார்கள். காட்டில் செடி விழுந்ததைப் பற்றி வழக்கு எதுவும் இல்லை. காட்டு ஜின்செங் இன்று கியூபெக்கில் 2001 முதல் முதலாம் நிலையில், அதாவது மறையும் அச்சத்துக்குரியதாக, உள்ளது. கனடா அரசின் பட்டியலிலும் அது அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

பெயர் தெரிந்தவர்கள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகப் பெயரிட்டுக் கூறுகிறார் என்பது தமிழ் படித்தோர் அறிந்ததே. அவ்வரிசையில் முதலாவது காந்தள். நாம் கார்த்திகைப் பூ என்கிறோமே, அதுவே. அதன் கிழங்கைப் பற்றித்தான் மேலே கூறினேன். காந்தளை இன்றும் எவரும் காட்டித் தருவர். அதே பட்டியலில் வரும் அனிச்சம் எது என்று கேட்டால், அறிஞருக்கு அறிஞர் ஒவ்வொரு செடியைக் காட்டுவர். சொல் இருக்கிறது, பூ எது என்பது தொலைந்துவிட்டது. காட்டுபவரும் காண்பவரும் ஒரு செடியின் முன் ஒன்றாக நிற்கும் வழக்கம் அற்றுப்போனால் இதுவே நேரும்.

இந்நகரில் அவ்வழக்கத்தை வளர்த்தவர் சகோதரர் மரி விக்ரோறன். மொன்றியல் தாவரவியற் பூங்காவை 1931 இல் நிறுவியவர். சென் லோறன்ஸ் பள்ளத்தாக்கின் செடிகளைப் பெயரும் படமுமாக விளக்கும் அவரது பெருநூல் 'ஃபுளோர் லோறன்சியன்' 1935 இல் வெளிவந்தது. தாவரவியற் பயணம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் 1944 இல் வாகன விபத்தில் அவர் மாண்டார். அந்நூலை இன்றும் இங்குள்ள நூலகங்களில் எடுத்துப் பார்க்கலாம். பிரெஞ்சு புரியாவிடினும் படங்கள் புரியும். பீ நூஃப் மெற்றோவில் இறங்கினால் தாவரவியற் பூங்கா அருகிலேயே உள்ளது. பிரெஞ்சு மொழிப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றால், பெயர்ப்பலகைகளை அவர்களே வாசித்துச் சொல்வர். பெற்றோருக்கு அது ஒரு மறுதலையான பாடமாக அமையும். பக்கத்தில் உள்ள பயோடோம், 2000 ஆம் ஆண்டில் காட்டு உள்ளிக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடக்கி, மேப்பிள் காட்டு உரிமையாளர்களுக்கு விதைகளை வழங்கி மீள விதைக்கச் செய்தது.

காட்டு உள்ளி வளரும் இடங்களை இக்கட்டுரையில் குறிப்பிடவில்லை. இதனைக் காப்போரும் சரியான இடத்தை வெளியிடுவதில்லை. சுவை பார்க்கத்தான் வேண்டும் என்போர், உரிமையாளரின் அனுமதியுடன், குமிழை மண்ணிலேயே விட்டு, செடிக்கு ஓர் இலையை மட்டும் கிள்ளி எடுக்கலாம். இலையும் சட்டத்தின் அளவுக்குள் அடங்கும் என்பதை மறவாதீர்கள். வறைக்கு அதுவே தாராளம். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டால் எமது முசுட்டை வறைக்குக் கிட்ட வரும்.

மேசையில் கிடந்த 137 செடிகளின் கதையைக் கூறி முடிக்கிறேன். அன்றிரவு அவற்றை ஈரத்துணியில் சுற்றி வைத்து, மறுநாள் அதிகாலை அந்த இளைஞரோடு தோட்டத்துக்குச் சென்றேன். முதலாளி ஒரு வயோதிபக் கியூபெக்குவா. நடந்ததைக் கேட்டுக் கோபிக்கவில்லை. தமது பாட்டனார் காலத்தில் சாக்கு நிறையக் கிண்டி வந்து போத்தல்களில் அடைத்ததாகவும், அப்போது காட்டின் இந்த மூலை முதல் அந்த மூலை வரை அதுவே இருந்ததாகவும், இப்போது எஞ்சியிருப்பது இந்த ஒரு துண்டே என்றும் கூறினார். மூவருமாகக் குமிழ்களை முன்னர் இருந்த ஆழத்திலேயே வைத்து மண்ணை அணைத்து, மேப்பிள் சருகால் மூடினோம். மியூகே எங்கிருந்து வந்தது என்பதும் அன்று தெரிந்தது. காட்டின் ஓரத்தில் இடிந்துபோன பழைய வீடொன்றின் அத்திவாரம் இருந்தது. பாட்டியார் அதன் வாசலில் நட்டதாம்.

ஜூலையில் மீண்டும் சென்றோம். பிடுங்கப்படாத பகுதியில் இலையற்ற தண்டுகளில் வெண்கொத்துகள் விரிந்திருந்தன. "இதென்ன பூ மாஸ்ரர்?" என்று தம்பி கேட்டார். சொன்னேன். நம்பாமல் குனிந்து, தண்டின் அடிமண்ணை விரலால் விலக்கிக் குமிழைப் பார்த்த பிறகே நம்பினார்.

அடுத்த மே மாதம் நட்ட இடத்தில் எண்ணினோம். 137 இல் 84 எழுந்திருந்தன. அத்திவாரத்தடியில் மியூகே மட்டும் ஒரு குறையுமின்றி அடர்ந்து நின்றது.